ஈறில் குடியிருந்தவள்

ஆடி மாதக் கடைசி வெள்ளியன்று முனியராஜ் வீட்டில் கன்னிப்பெட்டியைத் திறப்பார்கள். பனையோலையில் முடைந்த சின்னப் பெட்டி. உள்ளே ஒரு பாவாடை, ஒரு சட்டை, கண்ணாடி வளையல், சிவப்பு ரிப்பன். எல்லாம் ஆறு வயதுப் பிள்ளைக்கு ஆகிற அளவு. போன வருடத்துத் துணியை எடுத்துவிட்டுப் புதுசு வைப்பார்கள். கல்யாணம் ஆகாமல் செத்த பெண்பிள்ளை வீட்டைக் காக்கும், கவனிக்காமல் விட்டால் அதே வீட்டைக் கெடுக்கும் என்பதை நாரணாபுரத்தில் யாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

செத்த பிள்ளையின் பெயர் பாண்டிச்செல்வி. அது போன மறுவருடம் பிறந்த தங்கைக்கும் அதே பெயரை வைத்தார் அப்பா இருளாண்டி. போனவளே திரும்பி வந்துவிட்டாள் என்றார். அதனால் இந்தப் பாண்டிச்செல்வி, தன் பெயருக்குப் படையல் போடுவதைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவள். வீடே கண்ணை மூடி "பாண்டிச்செல்வித் தாயே" என்று கூப்பிடும்போது, கும்பிடுவதா, என்ன என்று கேட்பதா என்று சிறுபிள்ளையில் அவளுக்குக் குழப்பமாக இருக்கும். இப்போது அவளுக்கே நாற்பத்துநாலு வயது. குழப்பம் போய்விட்டது. பயம் மட்டும் போகவில்லை.

சூடம் காட்டியதும் அண்ணன் முனியராஜ் கன்னியின் கதையைச் சொல்வான். அப்பா இருந்தவரை அவர் சொன்னார், இப்போது இவன். வார்த்தை மாறாது.

"தாயிக்குக் கண்ணுல பட்டை கட்டுச்சு. மரப்பட்டை கணக்கா, மஞ்ச வெள்ளையா. எங்கய்யா துணிய விரல்ல சுத்தி உரிச்செடுத்தாரு. மறுநாளு பாத்தா முன்னையவிடத் தடிப்பா நிக்கி. உரிக்க உரிக்க வளந்துச்சு. மனுசக் கைக்கு அடங்குமா சாமி? கண்ணுல முடிச்சு வாய்க்கு வந்தா. வாயில முடிச்சு தொண்டைக்கு வந்தா. அங்கனயே உக்காந்துட்டா."

பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்கும். பெரியவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். அடுத்து எல்லார் கண்ணும் தங்கை பாண்டிச்செல்வியின் வாய்க்குப் போகும். அவள் முந்தானையால் மூடிக்கொள்வாள்.

ஏனென்றால் மூத்தவள் இவளிடமும் வந்துவிட்டாள். மகள் வேல்விழியைப் பெற்றெடுத்த பிறகு ஈறில் வந்தாள். விரலில் ஒட்டிக் காய்ந்த பசையைப் போல மஞ்சளாக ஒரு பட்டை, பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் தொடங்கி மேலே ஏறியது. தொட்டால் கட்டையாக இருக்கும். ஒரு பல் டாக்டர் வெட்டினார். முன்பைவிடப் பெரிதாக வந்தது. இரண்டாம் முறையும் வெட்டினார். அதற்குப் பிறகு கீழ்வரிசையில் பற்கள் ஆட ஆரம்பித்து ஒவ்வொன்றாகக் கழன்றன. மூத்தவ ஈறில குடியிருக்கா, அவளைக் கத்தி வச்சுக் கலைக்கலாமா என்று ஊர் சொன்னது. அதன்பின் அவள் டாக்டரிடம் போகவில்லை.

விடியற்காலைத் தூக்கத்தில் அந்தப் பிள்ளை வரும். நெஞ்சின் மேல் குத்தவைத்து உட்காரும். கண்கள் இருக்க வேண்டிய இடத்தில் பட்டை. சின்ன விரல்களால் அவள் உதட்டைப் பிரித்து, தொலைத்த பொருளைத் தேடுவதுபோல ஈறு நெடுகத் தடவிக்கொண்டு போகும். பேசாது. விழித்ததும் நாக்கில் ரத்தம் கரிக்கும்.

அந்த வருட ஆடி வெள்ளியில் கதை முடிந்த கையோடு முனியராஜ் இன்னொன்றும் சொன்னான். "தை மாசம் புகழுக்கும் வேல்விழிக்கும் முடிச்சிருவோம். கன்னி முன்னால சொல்லிட்டேன்."

புதிய சேதி ஒன்றும் இல்லை. திருத்தங்கலில் அச்சகத்தில் மெஷின் ஓட்டும் அவன் மகன் புகழேந்திக்குத்தான் வேல்விழி என்பது அவளுக்குக் காது குத்தும்போதே பேசியது. வேல்விழி காலண்டர் கம்பெனி ஒன்றில் பில் போடுகிறாள். இருவருக்கும் சம்மதம் என்பது, சாயந்திரம் ஆனால் அவள் செல்போனோடு மாடிப்படியில் போய் உட்காருவதிலேயே தெரியும். பாண்டிச்செல்வியின் அம்மா செல்லத்தாயும் தன் சொந்தத் தாய்மாமனைக் கட்டியவள்தான். புருஷன் மாரடைப்பில் போன பிறகு பாண்டிச்செல்விக்குத் துணை என்றிருந்தது அண்ணன் ஒருவன். மகளும் அந்த வீட்டுக்கே போகிறாள் என்றால் அவளுக்கு வேறென்ன வேண்டும்.

அவள் வேலை சரவெடி பின்னுவது. வெடிகளின் திரிகளை நூலில் கோத்து, இறுக்கி, முடிச்சுப் போட்டு, நூலை அறுக்க வேண்டும். பட்டாசுக் கம்பெனி அறைக்குள் இரும்பு போகக் கூடாது. உரசினால் பொறி வரும். நூலறுக்கப் பித்தளைக் கத்தரி ஒன்று உண்டு. அது போர்மேன் இடுப்பில் தொங்கும். சீசன் நேரத்தில் ஒவ்வொரு முடிச்சுக்கும் அவனைத் தேடிக்கொண்டிருக்க யாருக்குப் பொழுது? பெண்கள் எல்லாரும் பல்லால்தான் அறுப்பார்கள். முன்பல் போனதிலிருந்து பாண்டிச்செல்வி நூலை ஓரப்பல்லில் கொடுத்துச் சுண்டினாள். நூல் ஈறைக் கீறிக்கொண்டு அறுந்துவரும்.

"எனக்கு மாமியா கழுத்துல உக்காந்திருக்கா, ஒனக்குக் கன்னி வாயில உக்காந்திருக்கா" என்பாள் பக்கத்தில் இருந்து பின்னும் கற்பகவல்லி. "மாத்திக்குவமா? ஓங்கன்னி பேசவாது மாட்டா."

"வாயக் கழுவுட்டி."

"கழுவி என்ன செய்ய? பூராவும் வெள்ளிப்பொடி."

தீபாவளி லோடு ஏறி முடிந்து, மிச்ச ஆர்டருக்குப் பின்னிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், நூலைச் சுண்டியபோது அந்த ஓரப்பல்லும் சேர்ந்து வந்துவிட்டது. பாதி பின்னிய சரத்தின்மேல் விழுந்தது. ரத்தம் நிற்க நேரமானது. கற்பகவல்லி பல்லைப் பார்த்தாள், அவள் வாயைப் பார்த்தாள். கிண்டல் வரவில்லை.

"நாளைக்கி விருதுநகரு போறோம். எந்தங்கச்சி மகனுக்குப் பாத்த பல்லு டாக்டரம்மா இருக்காக. கன்னி கோவிச்சா எங்கிட்ட வரச் சொல்லு, நான் பேசிக்கிறேன்."

டாக்டர் ஹெப்சிபாவுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். வாயைத் திறந்து பார்த்தவர் உடனே மூடச் சொல்லவில்லை. விளக்கைத் திருப்பி மறுபடியும் பார்த்தார்.

"அக்கா, இதை யாராவது வெட்டினாங்களா?"

"ரெண்டு தடவ."

"வெட்டினதுக்கு அப்புறம்?"

"ஜாஸ்தியா வந்துச்சு. சாமி கோவிச்சுக்கிச்சுன்னாக."

டாக்டர் சிரிக்கவில்லை. பட்டையில் ஒரு துணுக்கும் கொஞ்சம் ரத்தமும் எடுத்துச் சென்னைக்கு அனுப்பினார். முடிவு வந்ததும் கூப்பிட்டார். கற்பகவல்லிக்கு அன்று வேலை. பாண்டிச்செல்வி தனியாகத்தான் போனாள்.

"கையில கீறினா ரத்தம் உறையுது இல்லையா? ரத்தத்துல இருக்கற ஒரு புரதம் நூல் நூலா மாறி, காயத்துமேல வலை பின்னும். ஃபைப்ரின்னு பேரு."

"நாங்க சரம் பின்னுறாப்பலயா?"

"அப்படித்தான். காயம் ஆறினதும் பின்னினதைப் பிரிக்கணும். பிரிக்கறதுக்குன்னு வேற ஒரு புரதம் இருக்கு. அது உங்க உடம்புல பிறவியிலயே ரொம்பக் கம்மி. அதனால பின்னினது பிரியாமக் கெட்டிப்பட்டு நிக்குது. இந்தப் பட்டை அதுதான்."

"அது பாட்டுக்கு நின்னுட்டுப் போகுது. பல்லு எதுக்கு விழுது?"

டாக்டர் நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டார். "ரத்தத்துல வெள்ளை அணு இருக்கு. கிருமி வந்தா அடிக்கறதுக்கு இருக்கற காவல்காரங்க. ஈறுல எப்பவும் கொஞ்சம் பேர் நிப்பாங்க. அந்த வலையைத் தொட்டா அவங்களுக்கு, இங்க சண்டை நடக்குதுன்னு சேதி. வலையைப் பிடிச்சுக்கிட்டு, கிருமிக்குன்னு வச்சிருக்கற நஞ்சையெல்லாம் கொட்டுவாங்க. மத்தவங்களுக்கு வலை பிரிஞ்சிடும், சண்டை முடிஞ்சிடும். உங்களுக்குப் பிரியறதே இல்லை. ராத்திரி பகலா கொட்டிக்கிட்டே இருக்காங்க. அது ஈறைத் தின்னுது, பல்லைப் பிடிச்சிருக்கற எலும்பைத் தின்னுது."

"அப்பக் கிருமி இல்லையா?"

"கிருமி எல்லார் வாயிலயும் இருக்கு. உங்க வாயில அதைவிடப் பெரிய சேதம் உங்க காவல்காரங்க பண்றது." நிறுத்திவிட்டுக் கேட்டார்: "ஈறுல அடிக்கடி காயம் படுதா? என்ன செய்வீங்க வேலையில?"

அவள் பையிலிருந்த துணியில் ஒரு நூலை உருவிப் பல்லில் கொடுத்துக் காட்டினாள். டாக்டர் அவசரமாக அவள் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"இனிமே இது கூடவே கூடாது. ஒவ்வொரு கீறலுக்கும் ஒரு வலை. வெட்டினதும் அதனாலதான் மோசமாச்சு. மிருதுவான பிரஷ், வாய் கொப்பளிக்க மருந்து, மாசம் ஒருமுறை எங்கிட்ட சுத்தம் பண்ணிக்கணும். முழுசாக் குணமாக்கற மருந்து நம்ம பக்கம் கிடைக்கறது கஷ்டம். ஆனா மிச்சப் பல்லைக் காப்பாத்தப் பாக்கலாம்." குறித்துக்கொண்டே கேட்டார்: "வீட்டுல வேற யாருக்காவது இருந்துச்சா? சின்னப் பிள்ளைங்களுக்குக் கண்ணுல வரும். மரப்பட்டை மாதிரி கட்டும். உரிச்சா அதைவிடத் தடிப்பா வளரும். சிலருக்கு வாய், தொண்டைன்னு இறங்கி மூச்சை அடைச்சிடும்."

பாண்டிச்செல்வி நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஆடி வெள்ளியில் சூடப் புகைக்கு நடுவே கேட்ட கதை, வார்த்தைக்கு வார்த்தை, வெள்ளைக் கோட்டுப் போட்ட யாரோ ஒரு பெண்ணின் வாயிலிருந்து வருகிறது. இந்த அம்மாள் அவர்கள் வீட்டுப் பெட்டியைப் பார்த்ததில்லை. கன்னியின் பெயரைக்கூடக் கேட்டதில்லை.

"உரிக்காம விட்டிருந்தா பொழச்சிருக்குமா டாக்டரம்மா?"

"யாரு?"

"எங்கக்கா. ஆறு வயசுல."

ஹெப்சிபா பேனாவை மூடினார். "அந்தக் காலத்து வசதிக்குச் சொல்ல முடியாது, அக்கா. உரிச்சது நல்லது பண்ணியிருக்காது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்." பேனாவை மறுபடி திறந்து, "உங்க அப்பா அம்மா சொந்தமா?"

"தாய்மாமன்."

"உங்களுக்குப் பிள்ளைங்க?"

"ஒரே மக. அண்ணன் மகனுக்குத் தை மாசம் கட்டிக் குடுக்கோம்."

டாக்டர் நிதானமாகச் சொன்னார். இந்தக் குறை அப்பாவிடமிருந்து ஒரு பாதி, அம்மாவிடமிருந்து ஒரு பாதியாக வருவது. ஒரு பாதி மட்டும் இருப்பவர்களுக்கு நோய் வராது, இருப்பதே தெரியாது. வேல்விழியிடம் ஒரு பாதி கட்டாயம் இருக்கும். புகழேந்தியிடமும் இருந்துவிட்டால், பிறக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு ஆபத்து. அவனிடம் இல்லையென்றால் பயமே வேண்டாம். "கல்யாணத்துக்கு முன்னாடி அந்தத் தம்பியை ஒருதடவை வந்து ரத்தம் குடுக்கச் சொல்லுங்க."

சிவகாசி பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கருவேலங்காடு ஓடிக்கொண்டிருந்தது. அவளுக்கு அப்பாவின் கை ஞாபகம் வந்தது. நல்ல மனுஷன். மகளுக்குக் கண் தெரியாமல் போய்விடுமே என்று துடித்துத்தான் உரித்திருப்பார். வலிக்காமல் இருக்கத்தான் துணியைச் சுற்றியிருப்பார். இத்தனை வருடம் அந்தக் கதையில் அவள் கேட்டது சாமியின் சக்தியை மட்டும். அந்தப் பிள்ளை அழுதிருக்குமே என்று ஒருநாளும் தோன்றியதில்லை. கதையில் அழுகை வராது.

மறுநாள் விடியற்காலை கனவு மாறியிருந்தது. பிள்ளை அவள் நெஞ்சில் ஏறவில்லை. கீழே பாயில் மல்லாந்து கிடந்தது. மேலே ஒரு கை வந்துகொண்டிருந்தது, விரலில் துணி சுற்றிய கை. பட்டை மூடிய முகத்தை இவள் பக்கம் திருப்பி, "நீ ஏன் சும்மா நிக்க" என்று கேட்பதுபோலக் கிடந்தது. பழைய கனவே தேவலை என்றிருந்தது.

கார்த்திகையில் அண்ணன் வீட்டில் கல்யாணத்துக்காகச் சுவரில் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். பின்வாசலில் வைத்துச் சொன்னாள். முனியராஜ் முழுதும் கேட்டான்.

"ஏ பாண்டி, நம்ம ரத்தத்துல கொறன்னு ஊருல தமுக்கடிக்கச் சொல்லுதியா?"

"ஊருக்கு எதுக்கு? புகழு ஒருக்கா ரத்தம் குடுத்தாப் போதும்."

"நம்மய்யாவும் அம்மாவும் கட்டிக்கிடலையா? நான் கல்லு மாதிரி நிக்கலையா?"

"நீ நிக்க. நான் பல்லு கொட்டி நிக்கேன். மூத்தவ நிக்கலையே."

"அது சாமி. சாமியக் கொண்டாந்து ஆஸ்பத்திரியில சேக்காத."

"சாமி ஆவுறதுக்கு முன்னால அது பிள்ளைண்ணே."

"ஒனக்கென்ன தெரியும்? நீ பொறக்கவே இல்ல. நான் பாத்தவன். உரிக்க உரிக்க வளந்துச்சு. மனுசக் கைக்கு..."

வழக்கமான வேகத்தில் ஆரம்பித்தவன் பாதியில் நின்றுவிட்டான். அடுத்த வார்த்தை அவனுக்குத் தெரியும். வருடா வருடம் சொல்கிற வார்த்தை.  மூத்தவள் செத்தபோது அவனுக்கு எட்டு வயது. அதே வீட்டில் இருந்தவன். எதைப் பார்த்தான், எதைக் கேட்டான் என்று தங்கை கேட்கவில்லை. அவன் தொட்டிக்குப் போய் முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டே இருந்தான். சட்டை நனைந்த பிறகும் நிறுத்தவில்லை.

புகழேந்தி உள்ளே இருந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை வேல்விழியைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு விருதுநகர் போய் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தான். "ஒண்ணும் இருக்காது அத்தை" என்றான் வாசலில் நின்று. "எங்கப்பா சுவத்துக்குப் பச்சை அடிக்காரு. அதான் இப்பத்திக்குப் பெரிய ஆபத்து." வேல்விழி அவன் முதுகில் அடித்தாள். பாண்டிச்செல்வியும் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

டாக்டர் போனில் சொன்னார். அவனிடமும் ஒரு பாதி இருக்கிறது.

"கல்யாணம் பண்ணக் கூடாதுன்னு நான் சொல்ல மாட்டேன் அக்கா. வயித்துல இருக்கும்போதே பாத்துக்கற டெஸ்ட் இருக்கு. ரெண்டு பேரும் வந்தா உக்காந்து பேசலாம். முடிவு அவங்களோடது."

வேல்விழி போனைப் பிடுங்கி அவளும் கேட்டாள். வைத்துவிட்டு அம்மா பக்கம் திரும்பினாள்.

"நாலுல மூணு நல்லாத்தானம்மா இருக்கும்? டெஸ்ட் எடுத்துக்கிடுவோம். இந்தக் காலத்துல யாரு கண்ணை உரிக்கப் போறா?"

மகள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. டாக்டரும் அதையேதான் சொன்னார். ஆனால் வேல்விழி மூன்று பிள்ளைகளைப் பார்த்தாள். பாண்டிச்செல்விக்கு நாலாவதைத்தான் தெரியும். அதோடுதான் இத்தனை வருடம் படுத்து எழுந்திருக்கிறாள்.

அன்று சாயந்திரமே மகளிடம் சொல்லாமல் அண்ணனிடம் போனாள். "நான் பொண்ணு குடுக்க மாட்டேண்ணே" என்றாள். பேச்சு பெரிதாகும், உறவு இன்றோடு அறுந்தது என்று பயந்துகொண்டுதான் போனாள். முனியராஜ் ஒன்றும் கேட்கவில்லை. பச்சைச் சுவரைப் பார்த்தபடி சொன்னான்.

"சரி. ஊருக்கு நான் சொல்லிக்கிடுதேன்."

இரண்டு நாள் கழித்துச் சொந்தக்காரர்களை அவள் வீட்டுக்கே வரவழைத்துச் சொன்னான். யார் முகத்தையும் பார்க்கவில்லை. "கன்னி கனவுல வந்தா. இந்தச் சம்பந்தம் எனக்கு ஆகாதுன்னுட்டா. மீறி நடத்த எனக்குத் தைரியம் இல்ல."

கூட்டம் அடங்கிவிட்டது. மண்டபத்துக்குக் கொடுத்த முன்பணத்தைப் பற்றிக்கூட ஒருவரும் வாய் திறக்கவில்லை. கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ரத்தத்தில் குறை என்ற பேச்சே எழவில்லை. வேல்விழிக்கு நாளைக்கு வேறு இடம் பார்ப்பதிலும் தடை இருக்காது. அண்ணன் தன் பங்குக்குத் தன்னால் ஆனதைச் செய்திருக்கிறான் என்று பாண்டிச்செல்விக்குப் புரிந்தது. வந்தவர்களுக்குக் காபி கொடுத்தாள். புகழேந்தி வரவில்லை.

மறுநாள் காலை வேல்விழி அழுது வீங்கிய கண்ணோடு தலை வாரிக்கொண்டிருந்தாள். 

"செத்தும் அவளுக்கு ஆங்காரம் அடங்கலை. தனக்குக் கல்யாணம் ஆகலைன்னு எனக்கும் ஆகக் கூடாதா? மாமா வீட்டுக்குப் போயி அந்தப் பெட்டியத் தூக்கி அடுப்புல வைக்கேன் பாரு. மூதேவி. பிசாசு."

பாண்டிச்செல்வி அடுப்பை அணைத்தாள். பேசாமல் இருந்துவிடலாம். இன்னும் கொஞ்ச நாள் மகள் கன்னியை ஏசுவாள், பிறகு பயந்து கும்பிடவும் ஆரம்பித்துவிடுவாள். தாய்க்கும் மகளுக்கும் நடுவே ஒன்றும் வராது. அண்ணன் அதற்கும் சேர்த்துத்தான் அந்தக் கனவைக் கண்டிருக்கிறான்.

"அத ஏசாத."

"ஏன், வந்து வாயில உக்காந்துக்கிடுவாளோ?"

"அதுக்கு ஆறு வயசுட்டி. அது யாரு கனவுலயும் வந்து வேணாம்னு சொல்லல. அதுக்கு ஒண்ணுமே தெரியாது." பல் இல்லாத வாயில் வார்த்தைகள் குழறின. முந்தானையை எடுத்து மறைக்காமலே பேசினாள். "மாமாகிட்டப் போயி, பொண்ணு குடுக்க மாட்டேன்னு சொன்னது நானு. ஏசணும்னா என்னைய ஏசு."

வேல்விழி சீப்பைக் கீழே வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்தாள்.

பிறகு ஏசினாள். தாயைப் பார்த்து ஒரு மகள் சொல்லத் தகாத வார்த்தைகள் எல்லாம் வந்தன. தெருமுனையில் பட்டாசுக் கம்பெனி வேன் வந்து ஹாரன் அடித்தது, மறுபடியும் அடித்தது, காத்திருந்து பார்த்துவிட்டுப் புறப்பட்டுப் போனது. பாண்டிச்செல்வி நகரவில்லை. நின்று முழுவதையும் கேட்டாள்.